சீனாக்காரன் சாவுக் காயிதம்

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் காலையில் ஒன்பது வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில், மணல்மேட்டை ஒட்டி இருக்கும் ஒன்பது வீடுகள் அவை. ராத்திரி பெய்த மழையில் சுவரெல்லாம் ஊறிக் கிடந்ததால் தாவீது வீட்டுக் கதவில் மட்டும் பசை பிடிக்காமல் காகிதம் வாசலில் விழுந்திருந்தது. பெருக்க வந்த காசியம்மாள் துடைப்பத்தால் தள்ளப் போனவள், முத்திரையைப் பார்த்துவிட்டுக் குனிந்து எடுத்தாள்.

"இந்தாய்யா, இத்தப் படி. கெவுருமெண்டு காயிதம்."

தாவீது ஷேர் ஆட்டோவின் சீட்டில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். வாங்கி ஒருமுறை மனசுக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். இந்த இடம் தோப்புப் புறம்போக்கு, சுனாமிக்குப் பிற்பாடு ஆக்கிரமித்துக் குடியேறியவர்கள், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

"சுனாமிக்கு அப்பால வந்தோமா?" என்றாள் காசியம்மாள். "நான் கண்ணாலம் கட்டிகினு இந்த வூட்டுக்கு வந்தே இருவத்தாறு வருசம் ஆவுதே."

"அத்த அவங்ககிட்ட சொல்லணும்."

"சொல்லுவோம். நாஸ்தா துன்னுட்டுப் போ."

சொல்லத்தான் செய்தார்கள். மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் அருணகிரி குடை பிடித்துக்கொண்டு நேரில் வந்தார். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பத்து ஆள். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எரிந்து விழுகிறவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, ஒன்பது வீட்டுக் காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின்சார ரசீது, வீட்டு வரி ரசீது.

"எல்லாமே ரெண்டாயிரத்தி அஞ்சுலேந்துதாம்மா கீது. அதுக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்லியே."

"முன்னாடி இருந்ததெல்லாம் அலை இஸ்துகினு பூட்ச்சி சார்," என்றார் தாவீது. "பொட்டியோட போச்சி. அப்பால கெவுருமெண்டுதான் புதுசா போட்டுக் குடுத்துச்சி. போட்ட தேதி அதுல கீது. நாங்க வந்த தேதியா அது?"

"எனக்குப் புரியுது. ஆனா என் ரிஜிஸ்டர்ல தோப்புன்னுதான் போட்டுக்கீது. ஆர்.டி.ஓ. விசாரணைல வாயால சொன்னா எடுபடாது. பழைய பேப்பர் எதுனா ஒண்ணு இருந்தா நானே தூக்கிகினு போயி குடுப்பேன்."

எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம், தாழம்புதர் ஓரத்தில், முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த செங்கல் மேடை ஒன்று இருந்தது.

"இது இன்னா சமாதி?"

"சீனாக்காரன்து," என்றாள் காசியம்மாள்.

"எந்தச் சீனாக்காரன்?"

அதற்கு யாருக்கும் முழுசாகப் பதில் தெரியவில்லை. தாவீதின் தாத்தா பாக்கியநாதன் பிறந்த சமயத்தில் காகிதப் பூ விற்க வந்த சீனாக்காரன் ஒருவன் இந்த வீட்டில் செத்துப்போனான், கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்காததால் இங்கேயே புதைத்தார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அவ்வளவுதான் வீட்டில் சொல்லி வந்தது. ஊரில் சொல்லி வந்தது வேறு. பட்டு மூட்டைக்கு ஆசைப்பட்டு அந்த வீட்டுக்காரன் சீனாக்காரனைக் கழுத்தை நெரித்தான் என்பார்கள். தாவீது பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்தப் பேச்சுக்காக இரண்டு பேர் பல்லை உடைத்திருக்கிறார். வருஷா வருஷம் சமாதிக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அவர்தான்.

அருணகிரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போனார்.

காசியம்மாளுக்கு வேலை மாமல்லபுரம் சாலையில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில். ஐப்பசி கார்த்திகையில் அந்த வேலை இரண்டு மடங்கு. உப்புக் காற்றில் எதுவும் காயாது. மெஷினிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை, எதிர் எதிராக இரண்டு பேர் நின்று, நாலு மூலையையும் பிடித்து உதறி, இழுத்து, மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு. பிளீச்சிங் தண்ணீரில் அவள் விரல் நுனியில் ரேகை அழிந்து மழுங்கியிருந்தது. ரேஷன் கடை மெஷின் அவள் கையை அடையாளம் காணாமல் மாசா மாசம் ஒரு பேஜாரு.

நோட்டீஸ் வந்த ஆறாம் நாள். எதிரில் நின்ற சகுந்தலா விரிப்பை இழுத்தபடி, "இன்னாக்கா, மூலய வுட்டுட்டு நிக்கிற?" என்றாள்.

காசியம்மாள் மூலையை விட்டுவிட்டுத்தான் நின்றாள். அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தம்பி குமார் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் வலையை விடுவிக்க இறங்கியவன் சுழலில் போனான். மறுநாள் கரையில் ஒதுங்கினான். அவன்மேல் இப்படித்தான் ஒரு வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் வந்து, ஐந்து பேரை உட்கார வைத்து விசாரித்து, கையெழுத்து வாங்கினார்கள். ஒருவர் டேப்பை இழுத்து அளந்தார். மரத்திலிருந்து எத்தனை அடி, வாய்க்காலிலிருந்து எத்தனை அடி, பக்கத்தில் யார் வீடு. அழுதுகொண்டிருந்த காசியம்மாளுக்கு அன்றைக்கு அது ஆத்திரமாக இருந்தது. செத்துக் கிடக்கிறான், அடி அளக்கிறார்களே என்று.

"சகுந்தலா, ஆளு ஒருத்தன் வூட்டாண்ட திடீர்னு செத்துப்போனா போலீஸ்காரங்க எழுதுவாங்க இல்ல?"

"எழுதுவாங்க. அதுக்கு இன்னா இப்போ?"

"எந்த வூட்டாண்ட, யாரு வூடு, எல்லாம் எழுதுவாங்க இல்ல?"

"யக்கா, மூலயப் புடி. சூப்ரவைசர் பாக்குறாரு."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தாவீதிடம் சொன்னாள். மகள் ஜெனிஃபர் கேளம்பாக்கத்து மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் காரப்பொடி மீன் குழம்பு கொதித்தது.

"நூறு வருசத்துக் காயிதம்," என்றார் தாவீது. "வெள்ளக்காரன் காலம். கரையான் துன்னுருக்கும்."

"துன்னுருந்தா துன்னுருக்கட்டும். போயி கேக்குறதுல இன்னா?"

"அதுல இன்னா எழுதிக்கீதோ?" தாவீது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊரு சொல்ற மாரியே எழுதியிருந்தா? எங்க கொள்ளுத்தாத்தா கொலகாரன்னு கெவுருமெண்டு காயிதத்துல இருந்தா? வூடும் போயி, பேரும் போவும்."

காசியம்மாள் குழம்பை இறக்கி வைத்தாள்.

"கொன்னவன் வூட்டுப் பின்னாடியே சமாதி கட்டி நாலு தலமொறயா சுண்ணாம்பு அடிப்பானாய்யா? நான் வேத்து வூட்லேந்து வந்தவ. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலியா?"

"நைனா, அம்மா சொல்றது கரெக்ட்டு," என்றாள் ஜெனிஃபர். "ஆனா எந்த வருசம்னு தெரியாம போயி இன்னான்னு கேப்பீங்க? கோயில் புக்குல தாத்தாவோட ஞானஸ்நானம் இருக்கும். அத்தப் பாருங்க மொதல்ல."

மறுநாளே பார்த்தார்கள். பங்குக் குருவானவர் இரும்பு அலமாரியைத் திறந்து, தோல் அட்டை போட்ட புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, நவம்பர் இருபத்தெட்டு. பாக்கியநாதன். தகப்பன் சவரி, தாய் வேண்டா. ஊர்ப் பெயர் இருந்தது. எந்த இடத்து வீடு என்று இல்லை.

"தேதி போதும் சாமி," என்றாள் காசியம்மாள். "அதுக்கு முந்தின வாரம்தான் அவரு செத்துருக்காரு."

செங்கல்பட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஏரி தளும்பி நின்றது. பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் கட்டடத்தில் ஜெயப்பிரியா என்ற எழுத்தர் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்கில் துணி கட்டியிருந்தாள். காசியம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டீஸ், அலை, சீனாக்காரன், தம்பி குமாருக்கு அடி அளந்தது எல்லாம். ஜெயப்பிரியா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினாள்.

"குந்துங்கம்மா. இதுவரைக்கும் இங்க வந்து யாரும் சாவக் காட்டி வூட்டக் கேட்டதில்ல. அந்தக் காலத்துல கிராம முன்சீப்புதான் மொதல்ல விசாரிச்சி எழுதுவாரு. அந்தக் கட்டுங்க கொஞ்சம் இருக்கு. ஆனா வரிசையா இல்ல. தேடணும்."

"எத்தினி நாளு ஆவும்மா?"

"தெரியாது. நகல் மனு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நான் தேடுறேன்."

இரண்டாம் தடவை போனபோது ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. இருபத்தாறாம் வருஷத்துக் கட்டுகளில் பாதி கரையான். ஜெயப்பிரியா தும்மிக்கொண்டே மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசினாள். காசியம்மாளுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நமக்காகத் தூசியைத் தின்கிறது.

மூன்றாம் தடவை அதனால் வெறுங்கையோடு போகவில்லை. இறால் தொக்கு செய்து டப்பாவில் எடுத்துப் போனாள். அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. டப்பாவைத் திறந்த ஜெயப்பிரியா வாசம் பிடித்துவிட்டுச் சிரித்தாள்.

"வூட்டுக்காரரு மலைக்கு மாலை போட்டுக்கீறாரும்மா. வூட்டுக்கு எடுத்துனு போவ முடியாது."

"ஐயோ, தெரியாம கொண்டாந்துட்டேன்."

"இங்கயே துன்னுடுறேன். நீங்க மொதல்ல இத்தப் பாருங்க."

மேசைமேல் துணி விரித்து ஒரு காகிதக் கட்டை வைத்திருந்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் ஒரு கரையான் ஓட்டை. தாவீது காசியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்று சவாரியை விட்டுவிட்டு அவரும் வந்திருந்தார்.

"மொதல்ல முடிவைச் சொல்லும்மா," என்றார். "எங்க கொள்ளுத்தாத்தன் கொன்னாரா?"

"இல்லண்ணா," என்றாள் ஜெயப்பிரியா. "குந்துங்க. படிக்கிறேன்."

பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதியிருந்தது. அந்தச் சொல்லைத் தாண்டிவிட்டுப் படித்தாள்.

'சவரி பெண்சாதி வேண்டா, வயது சுமார் இருபது, கொடுத்த வாக்குமூலம். இந்த மாதம் இருபத்திரண்டாந்தேதி திங்கட்கிழமை மழையில் ஒரு சீனன் காகிதப் பூக்கூடையுடன் எங்கள் குடிசைக்கு மேற்கே பனைமரத்தடியில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். ஊருக்குள் எந்தத் தெருவிலும் அவனைச் சேர்க்கவில்லையென்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என் புருஷன் அவனைத் தூக்கிவந்து உள்ளே படுக்க வைத்தார். நான் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். குடித்தான். அவன் பாஷை விளங்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு லீவான், லீவான் என்றான். அதுவே அவன் பேரென்று எண்ணுகிறேன். நானும் என் நெஞ்சைத் தொட்டு வேண்டா என்றேன். சிரித்தான். என் பிள்ளையின் கையில் ஒரு சிவப்புப் பூவைக் கொடுத்தான். மூன்றாம் நாள் விடிய அவன் சீவன் போயிற்று. கூடையில் பூக்களும் இரண்டு விசிறியும் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு கடிதமும் தவிர வேறொன்றுமில்லை. பட்டு இல்லை. என் புருஷன் அவனை அடிக்கவுமில்லை, பிடிக்கவுமில்லை. அவன் கண்ணை மூடியது நான்.'

கீழே ஒரு பெருவிரல் ரேகை.

காசியம்மாள் கையை நீட்டினாள். "தொடாதீங்கம்மா, உதுந்துடும்," என்ற ஜெயப்பிரியா, ஒரு நொடி கழித்து, "ஓரமா தொடுங்க," என்றாள். ரேகை தேய்ந்துபோன விரலால் காசியம்மாள் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டாள்.

தாவீது முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆள், அரசாங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்ட பேச்சு, கல்யாண வீட்டுப் பந்தியில் காதில் விழுந்த பேச்சு, அப்பன் செத்த அன்றுகூட ஒருவன் சொன்ன பேச்சு, எல்லாம் அந்த அழுகையில் இருந்தன.

"இன்னும் இருக்குண்ணா," என்று ஜெயப்பிரியா அடுத்த தாளை எடுத்தாள். ஐந்து பஞ்சாயத்தார் சொன்னது: வாந்திபேதியால் மரணம், சவரி பேரில் குற்றமில்லை. அதற்குப் பின்னால் முன்சீப் மையால் போட்ட வரைபடம். கால்வாய், மணல்மேடு, பனைமரம். பிரேதம் கிடந்த குடிசை. 'கிராம நத்தத்தில் சவரி அனுபோகத்தில் உள்ளது' என்று எழுதி, வடக்கே வரிசையாக ஏழு குடிசைகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர். பிரேதத்திலிருந்து ஒவ்வொரு குடிசைக்கும் எத்தனை கெஜம் என்றுகூட இருந்தது.

"நத்தம்," என்றாள் ஜெயப்பிரியா. "தோப்பு இல்லம்மா. குடியிருக்கிற எடம்னு அன்னைக்கே எழுதிக்கீறாரு. எந்த மவராசனோ, மழையில நின்னு ஒவ்வொரு வூடா அளந்துக்கீறாரு."

தம்பிக்கு அடி அளந்தவர்மேல் மூன்று வருஷமாக வைத்திருந்த ஆத்திரம் காசியம்மாளுக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. எழுந்து, ஜெயப்பிரியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"துன்னும்மா. ஆறிப்போவுது," என்றாள்.

முத்திரை போட்ட நகல் விசாரணைக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. அன்று சாயங்காலம் ஜெனிஃபர் வாசலில் நின்று வரைபடத்தில் இருந்த ஏழு பெயர்களையும் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீட்டிலிருந்து, "எங்க தாத்தாவுக்கு அப்பன் அவரு!" என்று குரல் வந்தது. அந்த ஒன்பது வீட்டில் ஒன்று மட்டும் பிற்பாடு கட்டினது, கிருபாகரன் தன் அண்ணன் வீட்டிலிருந்து பிரிந்து கட்டிக்கொண்டது. தன் கொள்ளுத்தாத்தன் பெயரைக் கேட்டதும் கிருபாகரன் தாவீதுக்குக் கிட்டே வந்தார். சின்ன வயசில் அவரும் அந்தப் பட்டு மூட்டைக் கதையைச் சொன்னவர்தான்.

"மச்சான், நானும் வாய வச்சிகினு சும்மா இல்லாம..."

"வுடு மச்சான். யாருக்குத் தெரியும் அப்போ?"

"இல்ல மச்சான். அந்த ஆளு அன்னைக்கு வோற எங்கனா செத்திருந்தா எங்க பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க வூட்ல அவர எடுத்து வச்சதாலதான் எங்க வூட்டயும் அளந்துக்கீறாங்க."

விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதிகாரி நகலைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். வாக்குமூலம் இருந்த தாளில் அவர் கண் நின்றது எல்லோருக்கும் தெரிந்தது. அருணகிரி ஒரு பழைய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், நேத்து இவங்க காட்டின இந்த வரைபடத்தப் பாத்துட்டு நான் பழைய ரிஜிஸ்டரத் தேடி எடுத்தேன். அதுல நத்தம்னுதான் கீது. பிற்பாடு புதுசு எழுதும்போது பக்கத்து நம்பரோட சேத்து தோப்புன்னு போட்டுட்டாங்க. இத்தப் பாக்காம ரிப்போர்ட் குடுத்தது நான். தப்பு என்னுது."

நோட்டீஸ் ரத்தானது. இடத்தை அளந்து பட்டாவுக்கு எழுதச் சொல்லி உத்தரவானது. வெளியே வந்ததும் காசியம்மாள் அருணகிரியைக் கும்பிட்டாள்.

"சார், உங்க வாயாலயே தப்புன்னு சொன்னீங்களே. வோற யாரு சொல்லுவாங்க."

"எனக்கு வேலதாம்மா," என்று சொல்லிவிட்டு, அவர் கூச்சத்தோடு குடையை விரித்தார். மழை பெய்யவில்லை.

மார்கழி முதல் வாரத்தில் சர்வேயர் மணி வந்தார். காலை வெயில் மணலில் அடித்துக்கொண்டிருந்தது. கடல் தெளிந்து கிடந்தது. ஒவ்வொரு வீடாக டேப்பை இழுத்து அளந்து, முளை அடித்து, படம் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது வீட்டிலும் அவருக்கு டீ. நாலாவது டீக்குப் பிறகு மோர் கேட்டார். தாவீது வீட்டுக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"சமாதி கீதே. யாருது?"

"லீவான்," என்றாள் காசியம்மாள்.

"இன்னா பேரு?"

"லீவான். லீ... வா... ன்."

மணி எழுதிக்கொண்டார். பேனாவை எடுக்காமல், "உங்களுக்கு இன்னா ஒறவு? சும்மா பேரு ஒண்டி போட்டா மேல கேள்வி கேப்பாங்கம்மா. வேத்தாளு சமாதின்னா பட்டாலேந்து தனியா பிரிச்சிட்டு அளக்கணும்," என்றார்.

காசியம்மாள் தாவீதைப் பார்த்தாள். ஜெனிஃபர் ஏதோ சொல்ல வந்தாள்.

"பிரிக்காதீங்க சார்," என்றாள் காசியம்மாள். "எங்களுக்கு எடம் குடுத்தவரு."

"அப்பிடி எழுத முடியாதும்மா. அப்பாவா, தாத்தாவா, மாமாவா, அதுமாரி சொல்லுங்க."

"தாத்தான்னு போடுங்க."

சர்வேயர் எழுதிய பெயரை ஒருமுறை பார்த்தார். சமாதியைப் பார்த்தார். பிறகு மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை. 'லீவான் தாத்தா சமாதி' என்று படத்துக்குள் எழுதி, அதைத் தனியாகப் பிரிக்காமல், அதற்கு அப்பால் தாழம்புதர் வரைக்கும் கோட்டை இழுத்தார்.

"ஒரு கை புடிங்கம்மா," என்று டேப்பின் முனையை நீட்டினார். காசியம்மாள் வாங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, புதரை நோக்கி நடந்தாள்.